பேர்க்காரி

விரிப்பின் மூலையைப் பிடித்து ஒரு உதறு உதறி, இஸ்திரி உருளையின் வாயில் கொடுத்தால் போதும், அதுவே இழுத்துக்கொள்ளும். ஈரமாகப் போன துணி அந்தப் பக்கம் சுடச்சுட, சுருக்கமில்லாமல் வெளியே வரும். ரெடிங் நகரத்து மருத்துவமனைகளின் அழுக்கெல்லாம் இந்தச் சலவை ஆலைக்குத்தான் வந்து சேரும். இடப்பக்க மூலை நெரெய்டா கின்யோனெஸுடையது. வலப்பக்க மூலை வில்ஃபிரெடோவுடையது. இரண்டு பேரும் போர்ட்டோ ரிக்கோ தீவிலிருந்து வந்தவர்கள். அவளுடைய மகனுக்கு ஞானஸ்நானத்தன்று ஞானத்தந்தையாக நின்றவர் வில்ஃபிரெடோ. மகன் டெக்சஸ் போய்க் குடும்பஸ்தனாகிவிட்டான். இவர்கள் இரண்டு பேரும் விரிப்பின் இரண்டு மூலைகளைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றுவிட்டார்கள்.

"நேத்து மறுபடியும் போன் வந்துச்சு வில்லி," என்றாள் நெரெய்டா. "பேங்க்லேர்ந்து பேசறானாம். கணக்கை முடக்கப் போறாங்களாம். நம்பரைச் சொல்லுங்கன்னான்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"மொதல்ல உங்க அம்மா நம்பரைச் சொல்லுடா, அவங்ககிட்ட ரெண்டு வார்த்தை பேசணும்னேன். வெச்சுட்டான்."

வில்ஃபிரெடோ சிரித்ததில் விரிப்பு கோணலாகப் போனது. நெரெய்டாவின் ஜாக்கிரதை அந்த ஆலைக்கே தெரியும். மாத்திரை டப்பாவைக் குப்பையில் போடுமுன் பெயர் ஒட்டியிருக்கும் காகிதத்தைச் சுரண்டி எடுத்துவிடுவாள். தபாலில் வரும் உறைகளைப் பொடிப்பொடியாகக் கிழித்து, பாதியை இன்று போட்டு, மீதியை அடுத்த வாரம் போடுவாள். "அக்காவோட குப்பையை ஒட்ட வைக்கணும்னா திருடனுக்கு ரெண்டு ஜென்மம் வேணும்," என்பார் வில்ஃபிரெடோ.

அன்று காலையில் ஆலை வாசலில் அடையாள அட்டையைக் காட்டியபோது இயந்திரம் சத்தம் போடவில்லை. திருப்பிக் காட்டினாள், துடைத்துக் காட்டினாள். அவளுக்கு முன்னால் போனவளுக்கு கீச்சென்றது. பின்னால் வந்தவனுக்கும் கீச்சென்றது. இவளுக்கு மட்டும் ஒன்றுமில்லை. சிவப்பு விளக்குகூட எரியவில்லை. அங்கே யாருமே நிற்காதது போல இருந்தது.

மதியத்துக்கு முன்னால் மேற்பார்வையாளர் டெனிஸ் வந்தாள். உருளையை நிறுத்தச் சொன்னாள். உருளையை யாரும் நிறுத்தச் சொல்ல மாட்டார்கள். உள்ளே இருக்கும் துணி கருகிவிடும்.

"நெரெய்டா, உங்க சம்பளம் திரும்பி வந்துடுச்சு. பேங்க் வாங்கிக்க மாட்டேங்குது."

"ஏன்?"

டெனிஸ் தன் செருப்பைப் பார்த்தாள். "நீங்க எறந்துட்டீங்கன்னு வந்திருக்கு. போன மாசமே."

"அட, அதான் அக்கா கொஞ்ச நாளா வேலையில டல்லா இருக்காங்க," என்றார் வில்ஃபிரெடோ. யாரும் சிரிக்கவில்லை. அவரும் சிரிக்கவில்லை.

"ஏதோ தப்பா இருக்கும். போய் சரி பண்ணிட்டு வாங்க," என்றாள் டெனிஸ். "அது வரைக்கும் உங்களை வேலைக்கு வெச்சுக்க எனக்கு அதிகாரம் இல்லம்மா. செத்தவங்க நம்பருக்கு சம்பளம் போட்டா என்னைப் பிடிச்சுப்பாங்க."

உருளையின் உள்ளே மாட்டியிருந்த விரிப்பிலிருந்து கருகல் வாடை வந்தது.

நெரெய்டா நேராக மருந்துக் கடைக்குப் போனாள். அவளுக்குச் சர்க்கரை. இன்சுலின் வாங்கும் நாள் அது. கடைப் பெண் புதியவள். திரையைப் பார்த்துவிட்டு அவள் குரல் தணிந்தது.

"ரொம்ப வருத்தமா இருக்குங்க. நீங்க அவங்களுக்கு என்ன ஒறவு?"

"யாருக்கு?"

"இவங்களுக்கு. கின்யோனெஸ் அம்மாவுக்கு. மிச்சம் இருக்கற மருந்தைத் திருப்பிக் குடுக்க வந்தீங்களா?"

"நான்தான் அது. எனக்குத்தான் மருந்து வேணும்."

அந்தப் பெண் மரியாதையாகச் சிரித்தாள். துக்க வீட்டில் பிதற்றுகிறவர்களைப் பார்த்து அப்படித்தான் சிரிப்பார்கள். காப்பீடு செல்லாது என்றாள். காப்பீடு இல்லாமல் அந்த மருந்தின் விலையைச் சொன்னாள். நெரெய்டா வீட்டுக்கு வந்து ஃப்ரிட்ஜைத் திறந்து பார்த்தாள். முட்டை வைக்கும் பள்ளத்தில் இன்சுலின் பேனாக்கள் சில கிடந்தன. கதவை மூடிவிட்டு, மறுபடியும் திறந்து பார்த்தாள்.

அரசாங்க அலுவலகத்தில் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அதிகாரியின் பெயர் பிரிட்சார்ட். கடுகடுப்பில்லாத பெண். மேசைமேல் "உங்கள் அடையாளத்தைப் பாதுகாத்துக்கொள்ளுங்கள்" என்று ஒரு துண்டுப் பிரசுரம் அடுக்கி வைத்திருந்தார்கள். நெரெய்டா ஒன்றை எடுத்துப் படித்தாள். கிழித்துப் போடுங்கள், போனில் எண்ணைச் சொல்லாதீர்கள், அட்டையைப் பர்ஸில் வைக்காதீர்கள். எல்லாம் அவள் செய்துகொண்டிருப்பவைதான்.

"டெலவேர்ல ஒரு அம்மா எறந்திருக்காங்க," என்றாள் பிரிட்சார்ட். "உங்க பேரு, உங்க பிறந்த நாள், உங்க அம்மா பேரு, உங்க சோஷியல் செக்யூரிட்டி நம்பர். அங்க கோழி ஆலையில பல வருஷம் வேலை பாத்திருக்காங்க. உங்க பேர்லயே போட்டோ போட்ட லைசென்ஸும் இருக்கு."

திரையை லேசாகத் திருப்பினாள். வட்ட முகம், மாநிறம். நெரெய்டாவைப் போல ஜாடை இல்லை. ஆனால் இடப்பக்கம் வகிடு எடுத்து, காதுக்குப் பின்னால் முடியை ஒதுக்கி, இவள் எப்படி வாருவாளோ அப்படியே வாரியிருந்தாள். நெரெய்டாவின் கை தானாகத் தன் தலைக்குப் போனது.

"அந்தம்மா என் பேரைத் திருடியிருக்காங்க. அவ்ளோதானே? எழுதிக்கங்க."

"ரெண்டு பேர்ல யாரு அசல்னு நான் என் வாயால சொல்ல முடியாதும்மா."

"நான் உங்க முன்னாடி ஒக்காந்திருக்கேனே."

"ஒக்காந்திருக்கறது யாருங்கறதுதானே கேள்வி."

நெரெய்டா தன் பிறப்புச் சான்றிதழை எடுத்து வைத்தாள். மடிப்பில் கிழிந்து, ஒட்டுத் தாளால் ஒட்டியது. பிரிட்சார்ட் அதைத் தொடவில்லை. தீவில் பழைய சான்றிதழ்கள் எல்லாவற்றையும் அரசாங்கமே எப்போதோ செல்லாததாக்கிவிட்டது, புதிது வாங்க வேண்டும், இறந்தவர் பெயரில் புதிது தர மாட்டார்கள் என்றாள்.

"அப்ப நான் என்னதான் செய்யறது?"

பிரிட்சார்ட் யோசித்தாள். "எறந்தவங்க உண்மையில யாரு, எந்த ஊருன்னு தெரிஞ்சா சீக்கிரம் முடியும். அவங்க நாட்டுல கைரேகை இருக்கும், ஒத்துப் பாத்துடுவாங்க. இல்லைன்னா விசாரணை அது பாட்டுக்குப் போகும், ஒரு வருஷம்கூட ஆகும்." பிறகு, ஆறுதலாகச் சொல்வதாக நினைத்துக்கொண்டு சொன்னாள். "அவங்க வேற யாரோவா ஆனாத்தான் நீங்க நீங்களா ஆக முடியும்."

ஞாயிற்றுக்கிழமை வில்ஃபிரெடோ தன் பழைய வேனில் அவளை டெலவேருக்கு, அந்தக் கோழி ஆலை இருக்கும் ஊருக்குக் கூட்டிக்கொண்டு போனார். வழியெல்லாம் நெரெய்டா தன் தாயைத் திட்டிக்கொண்டு வந்தாள்.

"என் பர்த் சர்ட்டிபிகேட்டை எத்தனை காப்பி வாங்கினாளோ அந்தப் புண்ணியவதி. பள்ளிக்கூடத்துக்கு ஒண்ணு. சர்ச்சுக்கு ஒண்ணு. பந்து விளையாட்டு டீமுக்கு ஒண்ணு. எல்லாம் முத்திரை குத்தின அசலு."

"எங்க அம்மாவும்தான். எனக்கு டான்ஸ் கிளாஸுக்கு ஒண்ணு குடுத்தா."

"நீ ஆடினியா?"

"குடுத்த காகிதம்தான் ஆடிச்சு. நான் ஒரு நாள்தான் போனேன்."

தீவில் அப்படித்தான். எங்கே சேர்ந்தாலும் பிறப்புச் சான்றிதழை வாங்கி வைத்துக்கொள்வார்கள். திருப்பித் தர மாட்டார்கள். யாரும் கேட்கவும் மாட்டார்கள். அது பீரோவில் கிடக்கும், பிள்ளை வளர்ந்து, கல்யாணம் ஆகி, விமானமேறிப் போன பிறகும் கிடக்கும். பல வருஷங்களுக்கு முன்னால் சித்தி போனில் ஒரு செய்தி சொன்னது நெரெய்டாவுக்கு இப்போது ஞாபகம் வந்தது. இவள் படித்த கன்னியாஸ்திரீகள் பள்ளிக்கூடத்தில் திருட்டு. ஈஸ்டர் விடுமுறையில் பூட்டை உடைத்திருக்கிறார்கள். கம்ப்யூட்டரைத் தொடவில்லை, உண்டியலைத் தொடவில்லை, வெள்ளிக் கிண்ணத்தைத் தொடவில்லை. பழைய பீரோவில் இருந்த காகிதங்களை மட்டும் அள்ளிக்கொண்டு போயிருக்கிறார்கள். "படிப்பு மேல ஆசை உள்ள திருடன் போல," என்று அன்றைக்கு இவள் சிரித்தாள்.

டெலவேரில் தெற்கே போகப் போகத் தரை தட்டையானது. நீள நீளமான கோழிக் கொட்டகைகள். சாலையோரப் புல்லில் வெள்ளை இறகுகள் ஒட்டியிருந்தன. முதலில் பனி என்று நினைத்தாள். பனிக்காலம் முடிந்து நெடுநாளாகிவிட்டது.

அந்த ஊர்ச் சர்ச்சில் விசாரித்தார்கள். வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்த ஆள் "யாரைத் தேடறீங்க?" என்றான்.

"நெரெய்டா கின்யோனெஸ் இருந்த வீடு."

"அவங்க போய்ட்டாங்களே. நீங்க?"

நெரெய்டா பதில் சொல்லத் திணறியதைப் பார்த்து வில்ஃபிரெடோ, "சொந்தக்காரங்க," என்றார்.

அவன் வழி காட்டிய இடம், சக்கரம் வைத்த நகரும் வீடுகள் வரிசையாக நின்ற ஒரு மைதானம். மூன்றாவது வீட்டின் கதவைத் திறந்தவள் நாற்பது வயதுக்காரி, குள்ளம், பின்னலில் சிவப்பு நாடா. நெரெய்டாவின் வகிட்டைப் பார்த்தாள். முகத்தைப் பார்த்தாள். சிலுவை போட்டுக்கொண்டாள்.

"பேர்க்காரி," என்றாள்.

"என்னது?"

"வருவீங்கன்னு அவ சொல்லுவா. என்னிக்காவது பேர்க்காரி கதவைத் தட்டுவா, கோவிச்சுக்காம காப்பி குடுன்னு சொல்லியிருக்கா. உள்ள வாங்கம்மா."

அவள் பெயர் பெத்ரோனா. குவாத்தமாலா மலையிலிருந்து வந்தவள். இறந்துபோனவளும் அவளும் அந்த அறையில் பல வருஷம் சேர்ந்து இருந்தவர்கள். வில்ஃபிரெடோ வேனிலேயே இருந்துவிட்டார். பெத்ரோனா காப்பி வைத்தாள். இனிப்பு ரொட்டியை எடுத்தவள், ஏதோ நினைத்துக்கொண்டு திருப்பி டப்பாவில் வைத்துவிட்டு, உப்பு பிஸ்கட்டை எடுத்தாள்.

"உங்களுக்குச் சக்கரைதானே?"

நெரெய்டா கப்பைக் கீழே வைத்தாள். "உனக்கு எப்படித் தெரியும்?"

"அவளுக்குத் தெரியும். ஒரு தடவை டாக்டர்கிட்ட போனப்போ கம்ப்யூட்டர்ல வந்துச்சு. அதுலேர்ந்து இனிப்பை விட்டுட்டா. பேர்க்காரி சாப்பிடாததை நான் எப்படிச் சாப்பிடறதுன்னா. பைத்தியக்காரி."

சுவரில் ஒரு கடலின் படம், நாட்காட்டியிலிருந்து வெட்டியது. அது நெரெய்டாவின் ஊர்க் கடல். கலங்கரை விளக்கம், அதன் இடப்பக்கத்துப் பாறை, எல்லாம் அப்படியே இருந்தது.

"அதைப் பாத்துதான் படிச்சா. யாராவது கேட்டா சொல்லணுமே. அம்மா பேரு, தெரு, கடல்ல எந்தப் பக்கம் சூரியன் உதிக்கும், எல்லாம். போகப் போக நிஜமா அங்க வளர்ந்த மாதிரி பேசுவா. பாறையிலேர்ந்து குதிச்சு நீந்தினேன்னு சொல்லுவா. மலையில பொறந்தவளுக்கு நீச்சல் ஏது? உங்க பொறந்த நாளுக்குக் கேக் வாங்குவா. மெழுகுவர்த்தியை ஊத மாட்டா. அணையற வரைக்கும் பாத்துக்கிட்டு ஒக்காந்திருப்பா."

நெரெய்டா கோபத்தோடுதான் வந்திருந்தாள். வண்டியில் நாலைந்து வசவுகளைத் தேர்ந்தெடுத்து வைத்திருந்தாள். இப்போது அவற்றை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

"எப்படிச் செத்தா?"

பெத்ரோனா தன் வலக் கையைத் திருப்பிக் காட்டினாள். உள்ளங்கை முழுக்கப் பொடிப்பொடித் தழும்பு. "கோழி எலும்பு குத்தும். குத்தாத நாள் இல்ல. அவளுக்கு வீங்கிடுச்சு. காய்ச்சல். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன். நர்ஸம்மா கேட்டாங்க, பென்சிலின் ஒத்துக்குமான்னு. கம்ப்யூட்டரைப் பாத்து அவங்களே சொன்னாங்க, முன்னாடி போட்டிருக்கீங்க, ஒண்ணும் ஆகலையே, சரிதானேன்னு."

நெரெய்டாவுக்கு ஞாபகம் இருந்தது. பல் பிடுங்கிய பிறகு போட்டார்கள். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

"அவளுக்கு ஒத்துக்காது," என்றாள் பெத்ரோனா. "சின்ன வயசுல ஊர்ல அந்த ஊசி போட்டு மூச்சு நின்னு, பாதிரியார் வந்து சாகறவங்களுக்குப் பூசற எண்ணெயைப் பூசிட்டுப் போயிருக்கார். அவளுக்கே தெரியும். எனக்கும் தெரியும். ஆனா காகிதம் வித்தவன் சொல்லித்தான் வித்தான். காகிதத்துல என்ன இருக்கோ அதுக்கு ஆமான்னு சொல்லு. ஒரு தடவை இல்லைன்னுட்டா எல்லாம் போச்சுன்னான். அவ என்னைப் பாத்தா. நான் தரையைப் பாத்தேன். ஆமா, சரிதான்னு சொன்னா."

வெளியே எங்கோ ஒரு நாய் குரைத்து நின்றது.

"அவ பேரு என்ன?" என்றாள் நெரெய்டா.

பெத்ரோனா கப்புகளைக் கழுவினாள். துடைத்தாள். ஆணியில் மாட்டினாள்.

"சொன்னா கம்பெனிக்கு இமிக்ரேஷன் ஆளுங்க வருவாங்க. ஒருத்தி பேரைப் பாக்க வர்றவங்க எல்லார் பேரையும் பாப்பாங்க."

"எனக்கு மருந்து தீரப்போகுது மகளே."

"தெரியும். சொல்ல மாட்டேன்னு சொல்லல." துணியை மடித்து வைத்தாள். "எவுலாலியா. எவுலாலியா ராமிரெஸ் பாப்லோ. எங்க ஊரேதான்." ஊர்ப் பெயரைச் சொன்னாள். இரண்டு முறை சொன்னாள். "ஒரு தடவை வாயை மூடிட்டு இருந்துட்டேன். போதும்."

மைதானத்து மூலையில் ஆலை பஸ் வந்து நின்றது. மதிய ஷிஃப்ட்டுக்கு. பெத்ரோனா வெள்ளைத் தலைக்கவசத்தை எடுத்துக்கொண்டாள். அதன் நெற்றியில் கறுப்பு மையில் எழுதியிருந்ததை நெரெய்டா படித்தாள். மிக்தாலியா ரெந்தாஸ்.

"இது?"

"நான்தான். அங்க." கூச்சமாகச் சிரித்தாள். "உங்க ஊர்ப் பேருதானே, தெரிஞ்சவங்களா? எப்படி இருக்காங்க என் பேர்க்காரி?"

மிக்தாலியா ரெந்தாஸ் அந்தப் பாறையிலிருந்துதான் குதித்தாள், பன்னிரண்டு வயதில். மறுநாள் மீனவர்கள் உடலைக் கொண்டுவந்து போட்டார்கள். வெள்ளைச் சவப்பெட்டியின் பின்னால் வகுப்பே நடந்து போனது.

"நல்லா இருக்கா," என்றாள் நெரெய்டா. "பேரன் பேத்தி எடுத்துட்டா."

பெத்ரோனாவின் முகம் மலர்ந்தது. "பாக்கியசாலி."

பஸ் டிரைவர் இறங்கி, கையிலிருந்த போனைப் பார்த்துப் பெயர் கூப்பிட ஆரம்பித்தான். நகரும் வீடுகளிலிருந்து பெண்கள் ஒவ்வொருத்தியாக வந்தார்கள். எல்லாரும் குள்ளம், எல்லாருக்கும் பின்னல், கையில் வெள்ளைத் தலைக்கவசம்.

"இர்மா மல்தொனாடோ."

"இருக்கேன்."

"கார்மின் நஸாரியோ."

"இருக்கேன்."

நெரெய்டாவின் பிடரியில் மயிர் சிலிர்த்தது. இர்மா முன் பெஞ்சு, மூக்கு ஒழுகுகிறவள். கார்மினுக்குத் திக்குவாய்.

"ப்ளாங்கா ஓட்டேரோ."

"இருக்கேன்."

பள்ளிக்கூடத்து வகுப்பில் வருகை எடுத்த சிஸ்டர் கொன்சுவேலோவின் வரிசை. ஒரு பெயர் முன்பின் மாறவில்லை. குடும்பப் பெயரின் ஸ்பானிஷ் எழுத்து வரிசைப்படி, காலை ஜெபம் முடிந்ததும், பிரம்பால் மேசையைத் தட்டிக்கொண்டே அவர் கூப்பிடுவார். ஒரு பீரோ முழுவதையும் ஒரே ஆள் வாங்கி, ஒரே ஊரில் விற்றிருக்கிறான். நெரெய்டாவின் வகுப்பு வளர்ந்து, வயதாகி, தெரியாத முகங்களைப் போட்டுக்கொண்டு, கோழி அறுக்கப் பஸ்ஸுக்கு நின்றது.

"சொக்கோரோ பகான்."

"இருக்கேன்."

அடுத்தது என்ன என்று அவளுக்குத் தெரியும். நாக்கு மேலண்ணத்துக்கு எழும்பிவிட்டது.

"நெரெய்டா கின்யோனெஸ்."

பெண்கள் தரையைப் பார்த்தார்கள்.

"நெரெய்டா கின்யோனெஸ். வர்றாங்களா இல்லையா?" டிரைவர் புது ஆள்.

"அவ வர மாட்டா," என்றாள் பெத்ரோனா. "அடுத்த பேரைக் கூப்பிடு."

"மிக்தாலியா ரெந்தாஸ்."

"இருக்கேன்," என்று சொல்லிவிட்டு பெத்ரோனா ஏறிக்கொண்டாள்.

திரும்புகிற வழியில் கல்லறைக்குப் போனார்கள். ஓரத்தில், சர்ச்சின் தரும நிலத்தில், மண் இன்னும் இறுகாத மேடு. ஒரு மரக்குச்சியில் தகரத் தட்டு, இரண்டு திருகாணிகள். நெரெய்டா கின்யோனெஸ். அவளுடைய பிறந்த நாள், பிறகு ஒரு கோடு, பிறகு போன மாதத்துத் தேதி. வில்ஃபிரெடோ தொப்பியைக் கழற்றினார். யாருக்காகக் கழற்றுகிறோம் என்று தெரியாமல் மறுபடி போட்டுக்கொண்டார்.

"பேரு கெடைச்சுதா அக்கா?"

"கெடைச்சுது."

"நாளைக்கே போய்க் குடுத்துடலாம்."

அவள் தகரத் தட்டிலிருந்த மண்ணைத் துடைத்தாள்.

மறுநாள் போகவில்லை. அந்த வாரமும் போகவில்லை. வில்ஃபிரெடோ தன் மச்சானின் இன்சுலினில் இரண்டு பேனா கொண்டுவந்து கொடுத்தார். அந்த மச்சானுக்கும் அது போதாது. நெரெய்டா ஊசியின் அளவைக் குறைத்தாள். சோற்றை விட்டாள். வாய் காய்ந்தது, கண் மங்கியது, பாதத்தில் எறும்பு ஊர்வது போலிருந்தது. ஒரு காலையில் குளியலறைக் கண்ணாடியில் பார்த்தபோது எவுலாலியாவின் வகிடு தெரிந்தது. சீப்பை எடுத்து வலப்பக்கம் மாற்றி வாரினாள். முடி கேட்கவில்லை, இடப்பக்கமே விழுந்தது.

"நீங்க யாருக்காகக் காத்துக்கிட்டு இருக்கீங்க?" என்று வில்ஃபிரெடோ ஒரு நாள் கத்தினார். "அவங்க எல்லாருக்கும் சேத்து நீங்க ஒருத்தர் சாகறதா? ஒரு தடவை செத்தது போதாதா?"

"கத்தாத. தலை சுத்துது."

"சுத்தும். சக்கரை ஏறினா சுத்தும்."

ஃப்ரிட்ஜில் கடைசிப் பேனா மட்டும் இருந்த அன்று நெரெய்டா பிரிட்சார்ட் முன்னால் போய் உட்கார்ந்தாள். பெயரைச் சொன்னாள், ஊரைச் சொன்னாள்.

"இது யார் சொன்னாங்க உங்களுக்கு?"

"அவளே சொன்னா."

பிரிட்சார்ட் நிமிர்ந்து பார்த்தாள். பிறகு தட்டச்சு செய்தாள்.

"அந்த ஆலையில இதே மாதிரி வேற யாராவது இருக்காங்களா, தெரியுமா?"

"எனக்கு அங்க யாரையும் தெரியாது. நான் பேசினதெல்லாம் ஒரு செத்தவகிட்ட."

"பரவால்ல. ஆலை எதுன்னு எங்களுக்குத் தெரியும். இனிமே நாங்க பாத்துக்கறோம்," என்றாள் பிரிட்சார்ட். வெளியே வரும்போது அந்தத் துண்டுப் பிரசுரத்தில் ஒன்றைக் கையில் கொடுத்தாள்.

நெரெய்டா காகிதத்தில் மறுபடி உயிரோடு வரக் கோடைக்காலம் ஆனது. கைரேகை ஒத்துப்போனது. சம்பளம் வந்தது, காப்பீடு வந்தது. மருந்துக் கடைப் பெண் ஒன்றும் நடக்காதது போல, "நல்லா இருக்கீங்களா கின்யோனெஸ் அம்மா?" என்று கேட்டாள். ஆலை வாசலில் அட்டையைக் காட்டியபோது இயந்திரம் கீச்சென்றது. அவள் அதை மறுபடியும் காட்டினாள். மறுபடியும் கீச்சென்றது.

"போதும் அக்கா, மெஷின் அழுவுது," என்றார் வில்ஃபிரெடோ.

நவம்பரில், கல்லறைத் திருநாளுக்கு, வில்ஃபிரெடோ ஒரு பலகை செய்தார். வெள்ளைச் சாயம் அடித்து, நீல எழுத்தில், எவுலாலியா ராமிரெஸ் பாப்லோ. மறுபடியும் தெற்கே போனார்கள். கல்லறையில் தகரத் தட்டு இல்லை. பதிவு மாறியதும் யாரோ வந்து கழற்றியிருக்கிறார்கள். வேறு தட்டு வைக்கவில்லை. மரக்குச்சியில் இரண்டு துளைகள் மட்டும் இருந்தன. வில்ஃபிரெடோ அந்தத் துளைகளிலேயே பலகையைத் திருகினார். நெரெய்டா செவ்வந்திப் பூக்களை வைத்தாள். பக்கத்தில் ஒரு இனிப்பு ரொட்டியும் வைத்தாள்.

"இப்ப சாப்பிடலாம்," என்றாள் மண்ணைப் பார்த்து.

பிறகு நகரும் வீடுகளுக்குப் போனார்கள். மூன்றாவது வீட்டின் கதவு திறந்து காற்றில் அடித்துக்கொண்டிருந்தது. உள்ளே படுக்கை இல்லை, கப் இல்லை, கப் மாட்டிய ஆணிகள் இருந்தன. சுவரில் கடல் இருந்த இடம் மட்டும் வெளுப்பாகச் சதுரமாக இருந்தது. பக்கத்து வீடும் காலி. அதற்கடுத்ததும் காலி. புல்லில் இறகுகள் உருண்டுகொண்டிருந்தன.

"எங்க கொண்டு போனாங்க?" என்று வில்ஃபிரெடோ எதிரே வந்த ஆளைக் கேட்டார். அவன் நிற்காமல் போனான்.

மைதானத்து மூலையில், பஸ் நிற்கிற இடத்தில், பெரிய இரும்புக் குப்பைத் தொட்டி. அதில் வெள்ளைத் தலைக்கவசங்கள் கிடந்தன, மல்லாந்து, ஒவ்வொன்றிலும் மழைத் தண்ணீர். நெரெய்டா ஒன்றை எடுத்துத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புரட்டினாள். தொட்டியின் விளிம்பில் கவிழ்த்தாள். அடுத்ததை எடுத்தாள். எடுக்க எடுக்க இடம் மாற்றி, முன்பின் சரி பார்த்து, வரிசையாக வைத்தாள். வில்ஃபிரெடோ ஒன்றும் சொல்லாமல் அடியில் இருந்தவற்றை எட்டி எடுத்துக் கொடுத்தார். அவள் பெயர் எழுதியதும் இருந்தது. சொக்கோரோவுக்கும் மிக்தாலியாவுக்கும் நடுவில் அதை வைத்தாள்.

ஆலைப் பக்கமிருந்து பஸ் ஒன்று வந்து, யாரும் இல்லாததைப் பார்த்து, நிற்காமல் திரும்பிப் போனது.

"இர்மா மல்தொனாடோ," என்று படித்தாள் நெரெய்டா. சற்று நிறுத்தினாள். "கார்மின் நஸாரியோ." நிறுத்தினாள். "ப்ளாங்கா ஓட்டேரோ. சொக்கோரோ பகான்."

கதவு அடித்துக்கொண்டது. அடுத்த பெயரையும் சத்தமாகப் படித்தாள்.

"இருக்கேன்," என்றாள்.